பெயர் பொறித்த சட்டங்கள்

ஆங்கில உரைநடையின் சிகரங்களுள் ஒன்றென நம் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் போற்றப்பட்டு வந்த சொற்பொழிவு ஒன்றுண்டு. எட்மண்டு பர்க் என்னும் பெரும் பேச்சாளர், 1785-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள், பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி ஆற்றிய உரை அது. அவ்வுரையைத் தமிழாக்க விழையும் அன்பர் ஒருவர் நம் கருத்தைக் கேட்டிருந்தார். அதனை மீண்டுமொரு முறை முழுமையாகப் படிக்காமல் விடை கூறுவது முறையாகாது என்று கருதினோம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குச் சென்ற ஒரு பயணத்தின்போது அந்நூல் நம் கைப்பையில் இருந்தது. மலைமேல் அதனைப் படித்தது தற்செயலே. ஆயினும் அங்கே படித்திராவிடில் இக்கட்டுரை வேறுவிதமாகவே அமைந்திருக்கும்.

அவ்வுரையில் ஹைதர் அலியின் படையெடுப்பை வருணிக்கும் பகுதி மிகவும் புகழ்பெற்றது. ஹைதரின் சினம் கரிய மேகமாய்த் திரள்கிறது. மலைச்சரிவுகளின்மேல் சிறிது பொழுது தங்குகிறது. பின்னர் கர்நாடகச் சமவெளியின்மீது வெடித்துக் கொட்டுகிறது. படிப்போர் உள்ளத்தில் இடி முழங்கச் செய்யும் ஓவியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மலைச்சரிவு எது? 1780 ஜூலையில் ஹைதரின் பெரும்படை இறங்கி வந்த வழி செங்கம் கணவாய். அக்கணவாயின் வடபுறச் சுவராக நிற்பது ஜவ்வாது மலை. பர்க் மலைத்தொடர் முழுவதையும் பொதுப்பட எண்ணியே கூறியிருப்பார். எனினும் மேகம் தங்கியதாகச் சொல்லப்படும் சரிவுகளில் இம்மலையின் சரிவும் ஒன்றே. அன்று அதன் கிழக்குச் சாய்வு ஆற்காட்டு நவாபின் சீமையைப் பார்த்திருந்தது. மேற்கே திருப்பத்தூரும் வாணியம்பாடியும் அடங்கிய பாராமகால் மைசூரின் கையில் இருந்து, 1792-இல் கும்பினியாரிடம் வந்தது. இரண்டு அரசுகளுக்கு இடையே கிடந்த மலை அது. சாமையும் தினையும் விதைத்து, தேனெடுத்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினர் அங்கே இருந்தனர். பர்க்கின் ஓவியத்தில் மேகம் தங்குவதற்குச் சரிவு உண்டு. அச்சரிவில் குடியிருந்தவர் எவரும் இல்லை.

இதனை ஒரு சிறு குறையென்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. காரணத்தைப் பின்னர் கூறுவோம். முதலில் அவ்வுரையின் பொருளுக்கு வருவோம்.

நவாப் முஹம்மது அலி வாலாஜா பட்ட கடன்கள் எத்தகையவை? சென்னைக் கோட்டையில் சொற்பச் சம்பளம் வாங்கிய கும்பினி உத்தியோகஸ்தர்களே நவாபுக்குக் கடன் கொடுத்ததாகக் கணக்கு எழுதிக்கொண்டனர். வட்டி ஒரு காலத்தில் நூற்றுக்கு முப்பத்தாறு வரை சென்றது. கடனுக்கு ஈடு, சீமையின் நிலவரி. அதாவது உழவனுடைய களத்து நெல். 1767-இல் திரட்டப்பட்ட பழைய கடன், 1777-இல் குதிரைப்படையைக் கலைப்பதற்கென வாங்கிய கடன், அதே ஆண்டு திரட்டப்பட்ட புதிய கடன் என மூன்று தொகுதிகளை பர்க் எடுத்துக்கொள்கிறார். மூன்றாவது மட்டும் இருபத்து நான்கு இலட்சம் பவுன். இவ்வளவு பெருந்தொகையைக் கொடுத்தவர் யார், எங்கிருந்து கொடுத்தார், நவாபின் கையில் உண்மையில் எவ்வளவு விழுந்தது என்பனவற்றுக்கு விடையில்லை.

பால் பென்பீல்டு என்பவரின் கதை இவற்றுள் தனித்து நிற்பது. தஞ்சையை நவாப் கைப்பற்றி வைத்திருந்த காலத்தில், தமக்கு 2,34,000 பவுன் வரவேண்டியிருப்பதாக அவர் உரிமை கோரினார். அதில் ஒரு பகுதிக்குத் தஞ்சையில் அறுவடையாகாமல் நின்ற பயிரே ஈடு. தஞ்சை அரசருக்கு நாட்டைத் திருப்பிக் கொடுத்த கவர்னர் பிகட் பிரபு இக்கோரிக்கைக்கு இணங்கவில்லை. 1776 ஆகஸ்டில் அவருடைய ஆலோசனை சபையினரே அவரைச் சிறைப்படுத்தினர். மறு ஆண்டு அவர் காவலிலேயே மாண்டார். பென்பீல்டோ 1780-இல் பாராளுமன்ற உறுப்பினரானார். தம்மையும் சேர்த்து எட்டுப் பேரை அச்சபையில் அவர் அமர்த்தியிருந்தார் என்பது பர்க்கின் குற்றச்சாட்டு.

இப்பொழுது சட்டத்துக்கு வருவோம். 1784-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், பிட்டு அவர்களின் சட்டம் என்று வழங்குவது, நவாபின் கடன்களின் தோற்றத்தையும் நியாயத்தையும் விசாரிக்க வேண்டுமென்று தெளிவாகக் கூறியது. கும்பினி இயக்குநர்களும் விசாரணைக்கென ஒரு கடிதம் வரைந்தனர். புதிதாக அமைந்த கட்டுப்பாட்டுக் குழுவோ, டண்டாஸ் அவர்களின் தலைமைச் செல்வாக்கில், அக்கடிதத்தை அடித்துத் திருத்தி, விசாரணையின்றிக் கடன்களை ஏற்கும்படி ஆணையிட்டது. ஆண்டுதோறும் 4,80,000 பவுன் கர்நாடக வருவாயிலிருந்து ஒதுக்கப்பட்டது. சட்டத்தின் எழுத்தில் விசாரணை இருந்தது. நடைமுறையில் பட்டுவாடாதான் இருந்தது. இந்தப் பிளவைப் பற்றிக்கொண்டு பர்க் மணிக்கணக்கில் பேசினார். வாக்கெடுப்பில் அவர் பக்கம் தோற்றது.

அவர் கூறியது வெறும் கட்சி வாதமா? பின்னர் நடந்தது ஒருவாறு விடை கூறும். 1801-இல் கும்பினி கர்நாடகத்தைத் தன்வசமாக்கிக்கொண்டது. அதற்குப் பின்பும் நவாபுகளின்மேல் புதிய கடன் பத்திரங்கள் வந்து குவிந்தன. இம்முறை அவற்றை ஆராய ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு அதிகாரம் வழங்கப் பாராளுமன்றமும் 1806-இல் சட்டமியற்றியது. ஆண்டுக்கணக்கில் நடந்த அவ்வாராய்ச்சியில், மூன்று கோடிப் பவுனுக்கு மேற்பட்ட கோரிக்கைகளுள் முப்பது இலட்சத்துக்கும் குறைவானதே நியாயமென்று தேறியது. பத்தில் ஒன்பது பங்கு பொய்! விசாரித்தபோது நிலை இது. 1785-இல் விசாரியாமலே கொடுக்கப்பட்டவற்றுள் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்பது இனி எவராலும் அறிய இயலாதது.

ஆகவே பர்க்கின் உரையைப் பொய்யுரை என்று நாம் கூறவில்லை. அதன் குறை வேறு. தனிமனிதர் நலத்துக்காக அரசு வளைந்ததைக் கண்டித்த அப்பெருமகனாரின் உறவினரும், அவருடன் ஒரே குடும்பம்போல் வாழ்ந்தவருமாகிய வில்லியம் பர்க், தஞ்சை அரசரின் முகவராக ஊதியம் பெற்றவர். நவாபுக்கும் தஞ்சைக்கும் இருந்த வழக்கில் பர்க்கின் வீடு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை அன்றைய எதிர்க்கட்சியார் சுட்டிக்காட்டவே செய்தனர். இது தெரிந்து படிப்பது நலம். அவர் வரையும் உழவன் எப்பொழுதும் துயரத்தின் உருவம். ஒருபோதும் உரிமையின் உருவமல்லன். கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பத்தாயிரத்துக்குக் குறையாத ஏரிகள் இருப்பதாகக் கணக்கிட்டு, அவற்றை வெட்டுவித்த பழைய அரசர்களை அவர் உள்ளம் உருகப் பாராட்டுகிறார். அழகான பகுதி. ஆனால் ஏரி வெட்டியவன் யார், மதகைத் திறந்தவன் யார், ஜவ்வாது மலையில் பிறந்து அவ்வேரிகளுள் பலவற்றுக்கு நீர் கொண்டு வந்த செய்யாற்றின் தலைமாட்டில் வாழ்ந்தவன் யார் என்று அவர் கேட்கவில்லை.

நம்மவர் எழுதிய வரலாறு இதனினும் மேலானதா என்று பார்த்தால் தலைகுனிய வேண்டியுள்ளது. புர்ஹான் இப்னு ஹஸன் பாரசீகத்தில் யாத்த ‘துஜுக்கே வாலாஜாஹி’ என்னும் அரசவை வரலாற்றை, நம் சமுதாயத்தின் பேரறிஞர் எஸ். முஹம்மது ஹுசைன் நயினார் அவர்கள் ஆங்கிலமாக்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1934-இலும் 1939-இலும் இரு பகுதிகளாக வெளியிட்டது. அரிய பணி; அதற்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள். ஆயினும் நூலின் இயல்பை மறைக்கலாகாது. அங்கே நவாபின் குலப்பெருமையும் போர்த்திறனும் கொடையும் உண்டு. லண்டனில் நவாபைக் கைப்பாவை என்றவரும் ஆற்காட்டில் அவரை வானளாவப் புகழ்ந்தவரும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றனர்: இருவருக்கும் குடிகள் என்போர் பின்திரைச் சித்திரமே. வாலாஜாவின் அறக்கொடைகளைப் பேசுகையில் குரல் உயர்த்தும் நாம், அக்கொடைக்கும் கடனுக்கும் ஒரே களத்திலிருந்துதான் நெல் அளக்கப்பட்டது என்பதையும் அதே குரலில் கூறினாலன்றி நம் வரலாற்றுணர்வு முழுமை பெறாது.

பர்க் பேசிய சபையின் வழக்கம் ஒன்றையும் ஈண்டுக் கூறவேண்டும். தனி ஒருவருக்காகவே சட்டம் இயற்றுவது அச்சபைக்கு நாணத்தக்க செயலாக இருந்ததில்லை. அது அன்றாட அலுவல். பொது மசோதா, தனியார் மசோதா என அங்கே இருவகை உண்டு. 1857 வரை இங்கிலாந்தில் ஒருவர் மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்ய வேண்டுமாயின், அவர் பெயரிலேயே ஒரு சட்டம் நிறைவேற வேண்டும். அப்படி நிறைவேறியவை முந்நூற்றுக்கும் மேல். அவற்றுள் மனைவியின் வேண்டுகோளுக்கு இணங்கி வந்தவை நான்கே, முதலாவது 1801-இல். குல்உ என்னும் உரிமையைப் பன்னூறு ஆண்டுகளாகத் தன் ஏடுகளில் வைத்திருந்த சமுதாயத்துக்கு இது வியப்பளிக்கும். (வைத்திருந்த உரிமையை நம் வீடுகளில் எத்தனை பெண்மணிகள் அறிந்திருந்தனர் என்று எவரேனும் கேட்டால் நாம் பேச்சை மாற்றிவிடுவோம்.) செல்வம் படைத்தவனுக்குச் சட்டம், இல்லாதவனுக்கு விதி. ஊர்ப் பொதுநிலங்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்கும் சட்டங்களோ 1604 முதல் 1914 வரை 5,200-க்கு மேல். அவற்றால் அடைபட்ட நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மிகுதி.

இத்தகைய சட்டம் நம் நாட்டில் நம்மவர் குடும்பத்தில் புகுந்த வரலாறு ஒன்று உண்டு. வழக்கறிஞர்கள் அதனை அமீருன்னிசா பேகம் வழக்கு என்று அறிவர். பொதுமக்களுக்கு, அதிலும் நம் குடும்பங்களுக்கு, அது தெரியாமற் போனது வருந்தத்தக்கது.

ஹைதராபாத் சமஸ்தானத்தின் பாய்கா பிரபுக்களுள் ஒருவர் நவாப் வலியுத்தௌலா. அரசாங்கத்தின் உயர் பதவிகளை வகித்தவர். புனித யாத்திரை சென்றிருந்தபோது 1935-இல் மதீனாவில் காலமானார். அவர் விட்டுச்சென்ற மத்ரூக்கா, அதாவது இறந்தவரின் பங்கிடத்தக்க சொத்து, பெரிது. பங்கு கோரியவர்களும் பலர். பெண்மணிகள் இருவர் தாங்களும் அவருடைய மனைவியரே என்றும், தங்கள் மக்களுக்கும் பாகம் உண்டென்றும் வழக்கிட்டனர். மற்ற வாரிசுகள் மறுத்தனர். நிக்காஹ் நடந்ததா இல்லையா என்பதுதான் வினா. நம்மூர் ஜமாஅத்துகள் எத்தனையோ முறை கண்ட வினா. சாட்சி கேட்டு, ஆவணம் பார்த்து, காஜியோ நீதிபதியோ முடிவு கூறத்தக்கது. ஆனால் அது தாருல் கஜா நீதிமன்றத்திலிருந்து விசாரணைக் குழுக்களுக்கும், அங்கிருந்து நிஜாமின் பர்மான்களுக்குமாகப் பதினைந்து ஆண்டு அலைந்தது. ஒரு சமயம் ஒரு பக்கம் சாய்ந்தது. மறு சமயம் மறு பக்கம் திரும்பியது. ஈற்றில் 1950-இல் வலியுத்தௌலா வாரிசுரிமைச் சட்டம் என்று ஒரு சட்டமே பிறந்தது. அவ்விரு பெண்மணிகளின் பெயர்களையும் எழுதி, அவர்களுடைய கோரிக்கையும் அவர்தம் மக்களின் கோரிக்கையும் தள்ளுபடி செய்யப்பட்டன என்று அது விதித்தது. இம்முடிவை எந்த நீதிமன்றத்திலும் எதிர்த்துக் கேட்கலாகாது என்றும் ஒரு ஷரத்து.

வாசகர்கள் இதனைச் சற்று நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டும். ஷரீஅத்தின் வாரிசுப் பாகங்கள் மற்ற எல்லா முஸ்லிம்களுக்கும் அப்படியே இருந்தன. மற்ற எல்லார்க்கும் நீதிமன்றத்தின் வாசல் திறந்தே இருந்தது. இந்த இரு பெண்களுக்கும் அவர்தம் குழந்தைகளுக்கும் மட்டும் அது அடைபட்டது. மனைவியா, மனைவியல்லளா என்னும் வினாவுக்குச் சட்டசபையின் மை விடையாயிற்று. அவர்கள் மெய்யாகவே உரிமை அற்றவர்களாகவும் இருந்திருக்கலாம். அதனை நாம் அறியோம், அறிய வேண்டியதும் இல்லை. உரிமை அற்றவர் என்று சொல்லப்படுவதற்கு முன் கேட்கப்படும் உரிமை ஒன்று உண்டல்லவா?

ஹைதராபாத் உயர்நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றமும் அவ்வாறே முடிவு கூறியது. 1953-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதிகளில் அதனைக் காணலாம். தீர்ப்பை எழுதிய நீதிபதி பி. கே. முகர்ஜியா அவர்களின் நடையில் ஆரவாரம் இல்லை. பர்க்கின் மேகமும் இடியும் அங்கே கிடையா. வழக்கு நெடுங்காலம் நீடித்தது, ஆகவே அதனை முடித்துவைக்கத் தனிச்சட்டம் வேண்டியதாயிற்று என்பது சர்க்காரின் வாதம். வாரிசுகளுக்குள் வழக்கு நீடிப்பது உலகில் புதுமையா, அதைக் காரணமாக்கி இவர்களை மட்டும் பிரித்தெடுப்பதற்கு நியாயம் என்ன என்பது தீர்ப்பின் சாரம். அரசியல் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பது, அக்குழந்தைகளுக்கும் உரியதாயிற்று. சொல்லழகுக்குப் பர்க்கைப் படிக்கலாம். சொல்லின் பொறுப்புக்கு இத்தீர்ப்பைப் படிக்க வேண்டும். தமிழில் முதலில் வரத்தக்கது எது என்று கேட்டால் நம் கை இதனையே சுட்டும்.

இந்நெறி எளிதில் நிலைபெற்றதன்று. 1949-இல் மூடப்பட்ட சோலாப்பூர் நூற்பாலை ஒன்றை ஏற்று நடத்த 1950-இல் மத்திய அரசு அந்த ஒரு கம்பெனிக்கென்றே சட்டம் செய்தது. அது செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். நீதிபதி ஸையித் பஸ்ல் அலி அவர்களும் அப்பக்கமே நின்றார். செல்லாது என்ற இருவருள் ஒருவர் நம் தமிழ்நாட்டவரான பதஞ்சலி சாஸ்திரி அவர்கள். ஆலையில் வேலையிழந்த தொழிலாளரை எண்ணும்போது பெரும்பான்மையோரின் முடிவையும் நம்மால் வெறுக்க முடியவில்லை. ஒருவரைக் குறிக்கும் சட்டமெல்லாம் தீயது என்று கூறிவிடுவது எளிது. யாருடைய பசி அதனைக் கேட்கிறது என்று பார்ப்பதே கடினம்.

பெயர் எழுதப்பட்ட சட்டத்தை நீதிமன்றம் எளிதில் அடையாளம் காண்கிறது. பெயரை எழுதாமல் ஒருவரையே குறிக்கும் சட்டம்தான் கண்ணுக்குத் தப்புகிறது. 1975 ஜூன் 12-ஆம் நாள் அலகாபாத் உயர்நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தி அவர்களின் தேர்தல் செல்லாது என்றது. ஆகஸ்டில் அரசியல் சட்டத்தின் முப்பத்தொன்பதாவது திருத்தம் வந்தது. ‘பிரதமர்’ என்று பதவியைத்தான் கூறிற்று, பெயரைக் கூறவில்லை. அப்பதவியில் அன்று இருந்தவர் ஒருவரே என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நவம்பர் 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தின் அந்த உட்பிரிவைச் செல்லாததாக்கியது. ஆனால் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்ட தேர்தல் சட்டத்தைக் கொண்டு அவருடைய தேர்தலைச் செல்லத்தக்கதாக்கிற்று. முன்வாசலில் தடுத்ததைப் பின்வாசலில் விட்டதுபோல் ஆயிற்றே என்று அன்று பலர் மனம் நொந்தனர். அந்தப் பிரிவே பின்னர் 1978-இல், நாற்பத்து நான்காவது திருத்தத்தால் நீக்கப்பட்டது. மக்ஸூம் குலத்துச் சீமாட்டிக்காக உஸாமா (ரலி) அவர்கள் பரிந்து பேச வந்த வரலாறும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் அருமை மகளையே எடுத்துக்காட்டாக வைத்து மறுத்த வரலாறும் நம் வீட்டுச் சிறுவர்களும் அறிந்தவை. அவற்றை மீலாது மேடையில் கேட்டுவிட்டு, மறுநாள் நமக்கு வேண்டியவருக்குச் சலுகை தேடி அலுவலகப் படியேறுவதும் நாமே.

மீண்டும் மலைக்கு வருவோம். ஜவ்வாது மலையின் மக்கள் வாழ்வைத் திருப்பிப்போட்டது 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். அதில் எவர் பெயரும் இல்லை. பொதுச் சட்டத்தின் இலக்கணம் யாவும் அதற்குப் பொருந்தும். ஒரு காட்டை ஒதுக்கப்பட்ட வனமாக்கக் கருதினால் அறிவிப்புச் செய்ய வேண்டும். உரிமை உடையோர் கோரிக்கை கொடுக்க மூன்று மாதத்துக்குக் குறையாத தவணை தரவேண்டும். எழுத்தறியாத மலைமக்களுக்கு, காகிதத்தைக் காணாத குடிகளுக்கு, மூன்று மாதம். கோரப்படாத உரிமை அவிந்துபோகும். இத்தனைக்கும் சென்னை வருவாய் வாரியமே 1871-இல், இம்மாகாணத்துக் காடுகளில் கிராமத்தாருக்கு வழக்காற்றுரிமை இல்லாத காடு அரிது என்று வாதாடியிருந்தது. அந்த அறிவு 1882-ஐ அடைவதற்குள் தேய்ந்துவிட்டது.

யாருக்காக அக்காடு ஒதுக்கப்பட்டது? 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து ஆற்காடு வரை ரயில் ஓடிற்று. பின்னர் அது மேற்கே நீண்டு ஆம்பூர், வாணியம்பாடி வழியே ஜோலார்பேட்டையைத் தொட்டது. அதை ஓட்டியது ஒரு தனியார் கம்பெனி. அதன் பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து என வட்டி உத்தரவாதம் அளித்தது இந்திய வருவாய். தண்டவாளத்துக்குக் கட்டையும் கொதிகலனுக்கு விறகும் மலைகள் தந்தன. வேலியடைப்புச் சட்டங்களில் இன்னாருக்கு இத்தனை ஏக்கர் என்று எழுதியிருக்கும். வனச் சட்டத்தில் அவ்வாறு எழுதவேண்டிய தேவை எழவில்லை. லண்டனில் இருந்த பங்குதாரரின் பெயர் அதில் இல்லை. மலையில் இருந்த குடியானவனின் பெயரும் இல்லை. முன்னவர் பெயரில்லாமலே பெற்றார். பின்னவர் பெயரில்லாமலே இழந்தார்.

ரயிலை மட்டும் குறை கூறி நாம் தப்பிவிட முடியாது. மலையடிவாரத்து ஆம்பூரும் வாணியம்பாடியும் பேர்ணாம்பட்டும் நம் சமுதாயத்தின் செல்வத்தை வளர்த்த ஊர்கள். அத்தோல் தொழிற்கூடங்களின் தொட்டிகளில் ஊறிய ஆவாரம்பட்டையை உரித்து, சுமந்து, இறக்கிக் கொடுத்த கைகளுக்கு எடை போட்டவர் யார், விலை வைத்தவர் யார் என்பதை நம் சமுதாய வரலாறுகளில் ஒரு பக்கமேனும் பேசியிருக்கிறோமா? பள்ளிவாசல் கட்டியவர், மதரஸா கட்டியவர், கல்லூரி தந்தவர் எனப் பெயர்கள் கல்லில் உள்ளன. மறுக்கவில்லை. 1855-இல் நவாப் பட்டத்தைக் கும்பினி மறுத்ததும், பின்னர் விக்டோரியா அரசி அக்குடும்பத்துக்கு ஆற்காட்டு இளவரசர் என்னும் பட்டத்தையும் பரம்பரை உபகாரச் சம்பளத்தையும் அளித்ததும் நாமறிந்தவை. 1971-இல் மன்னர் மானியங்கள் ஒழிந்தபின்னரும் அந்த உபகாரச் சம்பளம் தொடர்ந்தது. அது வரலாற்றுக்கு அளிக்கும் மரியாதை என்று மகிழும் அன்பர்கள் நம்மில் பலர். மகிழட்டும். ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த வாக்கைக் காக்க அரசுகளுக்கு இவ்வளவு நினைவாற்றல் இருக்குமாயின், ஒரு மலைக்குச் செய்ததை நினைக்க ஏன் 2006 வரை ஆயிற்று? அவ்வாண்டின் வன உரிமைச் சட்டம்தான், காட்டுவாழ் மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது.

ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு கொல்லையில் முதியவர் ஒருவர் சாமை நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தார். பறவை எச்சத்தில் விழுந்து தானே முளைத்த சந்தனக் கன்று ஒன்றை அவர் களையோடு களையாகப் பிடுங்கி எறிந்ததைக் கண்டு, “பெரியவரே, அது சந்தனமாயிற்றே!” என்றோம். “தெரியுங்க சாமி. அதுக்குத்தான் புடுங்கறேன். வளந்துச்சுன்னா மரம் யாரோடதுன்னு கேக்க மாட்டாங்க, வெட்டுனது யாருன்னுதான் கேப்பாங்க” என்றார். பட்டா நிலத்து மரமாயினும் அரசின் அனுமதியின்றி வெட்டவோ விற்கவோ இயலாத சரக்கு அது. திப்பு சுல்தான் காலத்து மைசூரிலேயே அதற்கு அரசமரம் என்னும் தகுதி வந்துவிட்டது. ஆட்சிகள் மாறின; மரம் அரசனுடையதாகவே நின்றது.

2015 ஏப்ரல் 7-ஆம் நாள், ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி இருபது பேரைக் காவல் படையினர் சுட்டுக் கொன்றனர். இறந்தவர்கள் தமிழ்நாட்டவர், ஜவ்வாது மலைப்பகுதியினரும் அவர்களுள் இருந்தனர். மரத்தைக் கடல் கடத்தி விற்றுக் கோடி சேர்ப்பவரின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறதோ. கூலிக்குக் கோடரி பிடித்தவர்களின் பெயர்கள் ஒருநாள் பத்திரிகையில் வந்தன.

அன்பருக்கு நாம் கூறும் விடை இது. பர்க்கின் உரையைத் தாராளமாகத் தமிழாக்குங்கள். முழுவதும் வேண்டா, தொகைக் கணக்குகளில் பாதி இன்றைய வாசகருக்குச் சுமை. கட்டுப்பாட்டுக் குழு கடிதத்தைத் திருத்திய வரலாற்றை விடாதீர்கள். ஏரிகளைப் பற்றிய பகுதியை விடாதீர்கள். வில்லியம் பர்க்கின் செய்தியை முன்னுரையில் சேருங்கள். அதே நூலின் பின்னிணைப்பாக அமீருன்னிசா பேகம் வழக்கின் தீர்ப்பையும் தமிழில் தாருங்கள். நம் பெண்மணிகள் பர்க்கை விட்டு அதனை முதலில் படித்தாலும் நட்டமில்லை. ஹைதரின் மேகம் தங்கும் மலைச்சரிவு வரும் இடத்தில் மட்டும் ஓர் அடிக்குறிப்பு வேண்டும். ஜவ்வாது மலை என்று எழுதி, அங்கே அப்பொழுது ஆட்கள் இருந்தனர் என்றும் எழுதுங்கள்.